உப்புக் காற்றும் சேம அச்சும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவரா நீங்கள்? மரக்காணம் நெருங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் தண்ணீர், கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் காற்று! மீனைக் கெடாமல் காப்பாற்றும் இதே உப்பு, இரும்பை மட்டும் விட்டுவைக்காது. ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் உட்கார வைத்துவிடும். மிச்சத்தைத் துரு பார்த்துக்கொள்ளும்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உப்பு என்றாலே சங்க காலத்தில் உமணர்கள்தான். கூட்டம் கூட்டமாக மாட்டு வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வியாபாரிகள். வழியில் அச்சு முறிந்தால் என்ன கதி? அதற்காக வண்டியின் அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். 'சேம அச்சு' என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றில் இந்த அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். இன்றைய பாஷையில் சொன்னால், ஸ்டெப்னி!

இந்தச் சேம அச்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வாக்மேன் கதை.

சிரிக்காதீர்கள். பாட்டெல்லாம் செல்போனுக்குள் போய்விட்ட காலத்தில், பழைய வாக்மேன்களைத் தேடித்தேடி வாங்கி, ரிப்பேர் பார்த்து, பொத்திப் பொத்தி வைக்கிற ஒரு கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறது. டோக்கியோவில் இருக்கிறார்கள், பெர்லினில் இருக்கிறார்கள். நம்மூரில் மட்டும் இல்லாமல் போவார்களா?

கேஸட்டை 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது பிலிப்ஸ் கம்பெனி. லூ ஓட்டன்ஸ் என்ற இன்ஜினீயரின் தலைமையில் உருவானது. கோட்டுப் பைக்குள் அடங்குகிற மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, 'இவ்வளவு பெரிசுதான் இருக்கணும்' என்று பிடிவாதம் பிடித்த மனிதர். 2021-ல், 94 வயதில் காலமானார். பிலிப்ஸ் செய்த பெரிய காரியம் வேறு. கேஸட் தயாரிக்கும் உரிமையை ராயல்டி இல்லாமல் மற்ற கம்பெனிகளுக்கும் கொடுத்தது. எந்த ஊர் கேஸட்டும் எந்த ஊர் டேப்ரெக்கார்டரிலும் பாடியது அதனால்தான்.

சோனி நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு விமானத்தில் போகும்போது ஸ்டீரியோவில் பாட்டு கேட்க ஆசை. நிருபர்கள் பேட்டி எடுக்க வைத்திருந்த 'பிரஸ்மேன்' என்ற சின்ன ரெக்கார்டரை எடுத்து, பதிவு செய்யும் வசதியைப் பிடுங்கிவிட்டு, ஸ்டீரியோ ஆக்கினார்கள். "ரெக்கார்டு பண்ணத் தெரியாத மெஷினை எவன் வாங்குவான்?" என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம். 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். முதலில் செய்தது 30,000 பீஸ். ஆகஸ்ட் முடிவதற்குள் அத்தனையும் காலி!

அந்த முதல் மாடலில் ஒரு விசேஷம் உண்டு. ஹெட்போன் செருக இரண்டு ஓட்டைகள்! சோனியின் இன்னொரு நிறுவனர் அகியோ மொரிடா சோதனை மாடலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'என்னால் கேட்க முடியவில்லையே' என்று மனைவிக்கு எரிச்சல். (எந்த நாடாக இருந்தால் என்ன, வீடு வீடுதானே!) உடனே இரண்டு பேர் கேட்கிற மாதிரி மாற்றச் சொன்னார். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் பாட்டுச் சத்தம் குறையும், இரண்டு பேரும் ஹெட்போனைக் கழற்றாமலே பேசிக்கொள்ளலாம்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். ஒண்டியாகக் கேட்பதுதான் பிடித்திருந்தது. ஆரஞ்சு பட்டன் சீக்கிரமே போனது. பின்னால் வந்த பல மாடல்களில் இரண்டாவது ஓட்டையும் போயிற்று.

நம் பக்கம் இதெல்லாம் சிங்கப்பூர், துபாய் சூட்கேஸ்களிலும், பர்மா பஜார் வழியாகவும் வந்தன. பாட்டு லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது ஞாபகம் வருகிறதா? பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பென்சிலைச் செருகி டேப் சுற்றியது? தீர்ந்துபோன செல்லை வெயிலில் காய வைத்தது?

2010-ல் கேஸட் வாக்மேன் தயாரிப்பை ஜப்பானில் சோனி நிறுத்தியது. அதுவரை செய்தவை சுமார் 20 கோடி. ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டுக்கு வயசாகிறதே! சில மெஷின்களில் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். 'டிடி' வரிசை வாக்மேன்களில் நடுவில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போடும். ஸ்பேர் எங்கே கிடைக்கும்? கடையில் கிடைக்காது. சேகரிப்பவர்களே அளவெடுத்துப் புதுச் சக்கரம் செய்தார்கள். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் மாட்டிப் பார்த்து, "அரை நூல் தப்பு" என்றார். அவர் திருத்தினார். முகம் பார்க்காத சிநேகிதம்! ஒண்டியாகக் கேட்பதற்கென்றே ஆகிப்போன மெஷின், இன்று நாலு பேர் சேராமல் ஓடாது.

மரக்காணத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அப்பா சவுதியில் வேலை பார்த்தவர். கடுதாசிக்குப் பதிலாக அம்மா கேஸட்டில் பேசி அனுப்புவார். அதில் ஒன்று மட்டும் அப்பாவின் சூட்கேஸோடு திரும்பி வந்திருக்கிறது. அம்மா இன்று இல்லை. பிளேயரும் செத்துக் கிடந்தது. செல் மாட்டுகிற இடத்தில் ஸ்பிரிங் பச்சை பூத்து, பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புக் குழம்பு.

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் போனிலேயே பாடம் நடத்தினார். "ஸ்பிரிட்டில் பட்ஸை நனைச்சுத் துடைங்க. சக்கரங்களைச் சுத்தி ஒரு நூலைப் போட்டு நீளம் பாருங்க. பெல்ட் அதைவிடக் கொஞ்சம் குட்டையா இருக்கணும்." பெல்ட் தபாலில் வந்தது. காசு வாங்கவில்லை. 'அடுத்தவருக்கு நீங்க அனுப்புங்க' என்று ஒரு துண்டுச் சீட்டு.

மாட்டியதும் ஓடியது. ஆனால் வேகம் குறைவு. அம்மா குரல் தாத்தா குரலாக இழுத்தது! நண்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் குட்டி ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டியதுதான். அளவு பார்க்கும் டெஸ்ட் டேப் எங்களிடம் இல்லை. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று நண்பருக்குத் தெரியும். அவர் காதுதான் அளவுகோல்.

ஒரே ஓட்டைதான் இருந்தது. இரண்டு ஹெட்போன் செருகுகிற சின்ன ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டி ஆளுக்கொன்றாகக் கேட்டோம். முதலில் கரகரப்பு. எங்கோ ஒரு லாரி ஹாரன். அப்புறம் ஓர் இளம்பெண் குரல், மெஷினைப் பார்த்துத் தயங்கித் தயங்கி: "என்னங்க... நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார் நண்பர்.

இரண்டு தடவை முழுசாகக் கேட்டார். பிறகு செல்களைக் கழற்றி, பிளேயரை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். வெளியே உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.