கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு சின்ன மாத்திரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணோ, புதிதாகக் கல்யாணமான பெண்ணோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் அக்கா பேத்தி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம். தி.நகரில் வாங்கிய பையை மேஜை மேல் கொட்டினாள். புரதப் பவுடர், மீன் எண்ணெய் மாத்திரை, கால்சியம், இரண்டு விதமான மல்டிவைட்டமின், குங்குமப்பூ. எல்லாவற்றுக்கும் அடியில், டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரை. நாலு நாளாக அட்டையைப் பிரிக்கவே இல்லை.

"இது ரொம்ப மலிவா இருக்கே சின்னப் பாட்டி, இது என்ன பண்ணிடப் போகுது?" என்றாள்.

காலமெல்லாம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவளிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும்! "இந்த மாத்திரையோட கதையில ஒரு பகுதி நம்ம திருவல்லிக்கேணியில நடந்தது, உட்காரு" என்றேன்.

ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவித்து இறந்துபோன பெண்களுக்காக, 1885-ல் மேரி ஷார்லீப் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கியது கோஷா ஆஸ்பத்திரி. இன்று அதன் பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியா வந்தார். கர்ப்பிணிகள் ரத்தசோகையால் ஏன் இறக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவருக்குத் தரப்பட்ட வேலை. பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் ஆய்வு, நடுவில் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையம், 1931 தொடக்கத்தில் நம் கோஷா ஆஸ்பத்திரி. அவர் பார்த்த சோகை, ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் பெருத்துப்போகும் வகை. வசதியான வீட்டுப் பெண்களுக்கு அபூர்வம். அரைவயிறு சாப்பிடும் பெண்களுக்கு அதிகம். அப்படியானால் குறை சாப்பாட்டில்தான் என்று யூகித்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்துப் பார்த்தார். சாகக் கிடந்த பெண்கள் தேறினார்கள். 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார். ஆனால் அதில் உள்ள பொருள் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்துவிட்டு உலகம் தேடத் தொடங்கியது.

1941-ல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945-ல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியது லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறி, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அந்தப் பள்ளியிலிருந்து கோஷா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். 'ஸ்ப்ரூ' என்ற வயிற்று நோய்க்கு அடுத்தடுத்து இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். ஃபோலிக் அமிலம் பிறகு அந்த நோய்க்கே மருந்தானது.

கதை அதோடு முடியவில்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குறையோடு பிறக்கும். அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991-ல் வந்தது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

இதைச் சொன்னதும் பேத்தி விரலை மடக்கி நாள் எண்ணினாள். அவளுக்கு மிச்சம் ஒரு வாரம்தான். அப்போதே தண்ணீர் கொண்டுவந்து ஒரு மாத்திரையைப் போட வைத்தேன்.

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தரத் தொடங்கியது 1970-ல். 1977-ல் எனக்கும் கொடுத்தார்கள். "மாத்திரை தின்னா குழந்தை கறுப்பாப் பொறக்கும்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கோ குமட்டல் வேறு. தினம் ஒன்றாகத் துளசித் தொட்டியில் புதைத்தேன். பிரசவத்தன்று இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரும்புச்சத்தால் மலம் கறுப்பாகப் போகும், அவ்வளவுதான்.

இன்றைய முறை எளிது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கி முதல் மூன்று மாதம் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, 180 நாள். கூடவே கால்சியம். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரும்பு மாத்திரையோடு காபி, டீ வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் நல்லது. முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தாலோ, வலிப்பு மருந்து சாப்பிட்டு வந்தாலோ அளவு மாறும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு மூன்று டப்பா சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், ஒவ்வொன்றிலும் வைட்டமின் ஏ எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் கருவுக்கே கெடுதல்.

பேத்தி எல்லா டப்பாவையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரு மல்டிவைட்டமினையும் பவுடரையும் அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். குங்குமப்பூ பாயசத்துக்கு ஆச்சு.

விலையைப் பார்த்து மருந்தை எடை போடாதீர்கள். இந்த மலிவு மாத்திரைக்குப் பின்னால், பேர் தெரியாத எத்தனையோ ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இன்றே ஒரு போன் போட்டு, அட்டையைப் பிரித்தாளா என்று கேளுங்கள்.