கல்லும் குரலும்: தரங்கம்பாடி வீதிகளில் ஒரு செவிவழி நடை

பழைய துறைமுக நகரங்களைக் காணச் செல்வோரிடையே இக்காலத்தில் ஒரு புதிய வழக்கம் பரவியுள்ளது. உடன் வரும் வழிகாட்டி எவருமின்றி, கைப்பேசியில் பதிந்த குரல் ஒன்றைக் காதில் பொருத்திய கருவி வழியே கேட்டுக்கொண்டு, மக்கள் தாமே தெருத்தெருவாக நடந்து செல்கின்றனர். இன்ன வாயிலில் நில், இடப்புறம் நோக்கு, இக்கட்டடம் இன்னாரால் இன்ன ஆண்டில் எழுப்பப்பட்டது என்று அக்குரல் சொல்லச் சொல்ல, கேட்பவர் அவ்வாறே செய்கின்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் சிற்றலை வானொலி முறையில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று அருங்காட்சியகச் சுவர்களைக் கடந்து நகரத்தின் வீதிகளுக்கே வந்துவிட்டது.

இதனை ஒரு பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு நகரின் வரலாற்றில் எதனைக் காணவேண்டும், எதனைக் காணாது கடந்துவிடலாம் என்பதை அக்குரலே முடிவு செய்கின்றது. தமிழகத் திருச்சபைகளிலிருந்தும் இறையியற் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் தரங்கம்பாடிக்குச் செல்கின்றனர். அவ்வூருக்கென நாமே அத்தகைய ஒலிப்பதிவு ஒன்றை எழுதுவதாயின், அதில் எவருடைய வரலாறு ஒலிக்கவேண்டும்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஊரின் பெயர்

தரங்கம்பாடி என்னும் பெயருக்குப் "பாடும் அலைகளின் ஊர்" என்று பொருள் கூறுவது சுற்றுலா நூல்களில் வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆயினும், தமிழறிந்தார் இதனை அப்படியே ஏற்றல் அரிது. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் என்பது உண்மையே. ஆனால் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் பாடி என்பது மக்கள் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லேயன்றி, பாடுதல் என்னும் தொழிலைக் குறிப்பதன்று. கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே குறிக்கின்றது.

அலைகளைப் பாடவைத்தவுடன் அக்கரையில் குடியிருந்த மனிதர் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றனர். பெயரைச் சரியாகப் பொருள்கொண்டால் அவர்கள் மீண்டும் தோன்றுகின்றனர். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஓர் ஊர் இருந்தது. அதில் மக்களும் வழிபாடும் இருந்தன. அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எனினும், நம் நடை தொடங்கவேண்டிய இடம் அதுவே. சீகன்பால்க் இறங்கிய நாளிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது நமக்கு எளிதாயிருக்கலாம், அது முறையாகாது.

2. கோட்டையின் கீழ்த்தளம்

1620ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும், டென்மார்க் அரசரின் சார்பில் வந்த ஓவே ஜெட்டே என்பாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டில் நாயக்கர் அனுப்பிய, தமிழில் எழுதப்பெற்ற பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் நகரில் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. டேனியர் நாடி வந்த பொருள்களுள் முதன்மையானது மிளகு. அதனையும் துணிகளையும் சேர்த்துவைத்துக் கப்பலேற்றுவதற்காக எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை.

இக்கோட்டையின் அமைப்பே ஒரு பாடம் எனலாம். மேல்தளத்தில் ஆளுநரும் வணிகக் குழுமத்தின் குருவும் உறைந்தனர். கீழ்த்தளத்தில் பண்டகசாலைகளும் சிறையும் இருந்தன. அதிகாரமும் சமயமும் மேலே. சரக்கும் கைதியும் கீழே. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளுட்சோ ஆகிய இருவரும் அரசரால் அனுப்பப்பட்டவர்களாயினும், குழுமத்தாரால் விரும்பி வரவேற்கப்படவில்லை. 1708 நவம்பரில் ஆளுநர் ஹாசியுஸ் சீகன்பால்கைச் சிறைப்படுத்தினார். ஏறத்தாழ நான்கு திங்கள் அவர் இக்கோட்டையில் அடைபட்டிருந்தார்.

இச்சிறைவாசத்தை நம் ஆலயங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், அதற்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று அத்துணை கூறப்படுவதில்லை. தமிழ் நாவிதர் ஒருவரின் கைம்பெண் தன் கணவருடைய கடன் தொடர்பாக வழக்குற்று நின்றாள். எதிராளியோ குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர். சீகன்பால்க் அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். ஆளுநர் அதனை வரம்பு மீறிய தலையீடு எனக் கொண்டார். மதத்தைப் பரப்பியதற்காக மட்டும் மிஷனெரி சிறை சென்றார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஓர் ஏழைக் கைம்பெண்ணின் பொருட்டு வாய்திறந்ததும் அவரைச் சிறைக்கு இட்டுச்சென்றது. கோட்டை வாயிலில் நிற்போர்க்கு இச்செய்தி எட்டவேண்டுமன்றோ? அவள் பெயரில் கல் ஏதுமில்லை. ஆனால், அவளுடைய வழக்கின்றி அச்சிறையின் பொருள் விளங்காது.

3. இரண்டு ஆலயங்கள்

நகர வாயிலிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ராஜ வீதியில் இரண்டு ஆலயங்கள் உள்ளன. 1701இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சீயோன் ஆலயம் ஐரோப்பியர் வழிபாட்டிற்கென எழுந்தது. 1707ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் மிஷனெரிகள் அளித்த முதல் திருமுழுக்கைப் பெற்றோர் ஐவர். அவர்கள் டேனியக் குடும்பங்களில் அடிமைகளாயிருந்தவர்கள். தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கத்தை நாம் மிஷனெரிகளின் வருகையைக் கொண்டு எண்ணுகிறோம். திருமுழுக்கைக் கொண்டு எண்ணுவோமாயின், இச்சபையின் முதற்பேறானவர்கள் அடிமைகளே. இயேசு பெருமானின் திருச்சபையில் இதனினும் பெருமைக்குரிய பிறப்பு வேறொன்றில்லை. ஆயினும் முன்னதற்குக் கொண்டாடும் விழாவில் ஒரு பகுதியேனும் பின்னதற்கு நாம் கொண்டாடுவதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மிஷனெரிகள் எருசலேம் என்னும் சிற்றாலயம் ஒன்றைக் கட்டினர். பின்னர் 1718 அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் முகப்பில் நான்காம் ஃபிரடெரிக் அரசரின் முடியும் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே, 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்த சீகன்பால்க் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். ஆலயத்துக்குள் நுழைவோர் முதலில் அரசரையும், பின்னர் மிஷனெரியையும் காண்கின்றனர். கல் பேசும் வரலாறு இவ்வளவே.

கல் பேசாத வரலாறு ஒன்றும் இவ்வாலயத்துக்கு உண்டு. 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் என்பார் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குரு அவரே. இதனை நாம் உவகையுடன் நினைவுகூர்கின்றோம். எட்டாண்டுகள் கழித்து, 1741இல், இரண்டாவது குருவைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றி, அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலால் ஈர்க்கப்பட்டு இச்சபைக்கு வந்து, தஞ்சைச் சீமையில் அயராது உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன் அப்போது இருந்தார். அவருடைய அறிவிலும் பக்தியிலும் எவரும் குறை கூறவில்லை. ஆனால், அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து நற்கருணை பெற ஏனைய சாதிக் கிறிஸ்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்று அஞ்சி, மிஷனெரிகள் தியோகு என்பாருக்குக் குருப்பட்டம் அளித்தனர். இராஜநாயக்கன் 1771இல் தாம் இறக்குமட்டும் உபதேசியாராகவே ஊழியம் செய்தார். புதிய எருசலேம் எனப் பெயரிடப்பட்ட அவ்வாலயத்திலேயே மக்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர்.

திருப்பயணம் வந்தவர்களிடம் இதனைக் கூறுவது திருச்சபைக்கு இழிவன்றோ என்று சிலர் வினவலாம். அக்காலத்தவரை இக்கால அளவுகோலால் அளப்பது நேர்மையன்று என்றும் கூறலாம். இவற்றுள் இரண்டாவது தடை ஓரளவு பொருந்தும். அம்மிஷனெரிகள் கட்டியெழுப்பிய பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும், 1715இல் முழுமையாக அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் நாம் மறுத்தற்கில்லை. எனினும், நற்கருணைப் பந்தி அனைவருக்கும் ஒன்றே என்பது இக்கால அளவுகோலன்று. அவர்களே போதித்த நற்செய்தியின் அளவுகோல் அது. முதல் தடைக்கு விடை இன்னும் எளிது. இராஜநாயக்கனுக்கு நேர்ந்தது நம் சபைகளில் முற்றிலும் கடந்துபோன கதையாயிருந்தால், அதைச் சொல்வதில் எவருக்கும் கூச்சம் தோன்றாது. கல்லறைத் தோட்டங்களிலும், சபைத் தேர்தல்களிலும், திருமணப் பேச்சுகளிலும் சாதி இன்னும் குடியிருப்பதாலேயே அக்கூச்சம் தோன்றுகின்றது.

4. கல் இல்லாத இடங்கள்

துறைமுக நகரின் வரலாற்றைக் கட்டடங்களைக் கொண்டு எழுதும்போது, கட்டடம் எழுப்ப வல்லவர்களே வரலாற்றில் நிலைபெறுவர். அரசனுக்குக் கோட்டை உண்டு; ஆளுநருக்கு மாளிகை உண்டு; மிஷனெரிக்குக் கல்லறை உண்டு. ஆனால், கப்பலில் ஏறிய துணிகளை நெய்தவர்க்கும், சரக்கை அலைகளினூடே தோணியில் ஏற்றிச் சென்றவர்க்கும் என்ன உண்டு? சீகன்பால்குக்குத் தமிழெழுத்தைக் கற்பித்த முதிய வாத்தியாருக்கு என்ன உண்டு? அம்முதியவர் தம் திண்ணைப் பள்ளியையே மிஷனெரிகளின் இல்லத்துக்கு மாற்றினார். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை வரைந்தே சீகன்பால்க் தமிழ் பயின்றார். நம் அச்சிட்ட திருமறையின் முதற்படி அம்மணலில் உள்ளது. மணலில் எழுதியதோ நில்லாது.

1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியைச் செராம்பூருடன் சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்திடம் விற்றது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் இத்துறைமுகத்தின் வணிகம் நலிந்தது. கொடி மாறியது, கப்பல்கள் நின்றன, மீனவர் மட்டும் அகலவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது பேரிழப்புக்கு உள்ளானோரும் அவர்களே. அதன்பின் பழைய மாளிகைகள் பல செப்பனிடப்பட்டன. சீகன்பால்க் வாழ்ந்த இல்லம் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இவை நற்பணிகளே. ஆயினும் செப்பனிடுவதற்குச் சுவர் வேண்டும். சுவர் இல்லாதவர்களின் நினைவை எவ்வாறு செப்பனிடுவது?

இங்கேதான் ஒலிப்பதிவின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. நினைவுச்சின்னம் எழுப்பக் கல்லும் பொருளும் இடமும் வேண்டும். குரலுக்கு அவை வேண்டுவதில்லை. கேட்பவர் நிற்பதற்கு ஓரடி நிலம் போதும். வெறும் மணற்பரப்பில் அவரை நிறுத்தி வாத்தியாரின் கதையைச் சொல்லலாம். சீயோன் ஆலயத்தின் முன் நிறுத்தி ஐந்து அடிமைகளை நினைப்பூட்டலாம். புதிய எருசலேமில், சீகன்பால்கின் கல்லறையைக் கண்டபின், பலிபீடத்தை நோக்கி நிற்கச் செய்து, இங்கே நின்று திருவிருந்து பரிமாற அழைக்கப்படாத ஊழியர் ஒருவர் இருந்தார் என்று சொல்லிச் சற்று மௌனம் காக்கலாம்.

5. நமக்குரிய கடமை

சீயோன் நகரைச் சுற்றி நடந்து, அதன் கோபுரங்களைக் கணக்கிட்டு, பின்வரும் சந்ததிக்கு விவரிக்குமாறு 48ஆம் சங்கீதம் மக்களைப் பணிக்கின்றது. நடப்பதும் காண்பதும் அங்கே முடிவல்ல, சொல்வதே முடிவு. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை நாட்டியபோதும், அக்கற்கள் தாமே பேசுமென யோசுவா எண்ணவில்லை. பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது தகப்பன்மார் விடைகூற வேண்டுமென்றே ஏற்பாடு செய்தார். அவ்விடையிலும் முதலிடம் பெற்றது கற்களை நாட்டியவர்களின் பெருமையன்று. அடிமைத்தனத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தாரைக் கர்த்தர் கரையேற்றிய செயலே.

ஆதலின் நம் இறையியல் மாணவர்கள் திருச்சபை வரலாற்றைக் கற்கும் காலத்தில், தரங்கம்பாடிக்கோ தம் சொந்தச் சபை வளாகத்துக்கோ இத்தகைய செவிவழி நடை ஒன்றைத் தமிழில் எழுதிப் பதிவுசெய்வது நற்பயிற்சியாகும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். இவ்விடத்தில் எவருடைய பெயர் பொறிக்கப்பட்டுள்ளது? எவருடைய உழைப்பு அல்லது துன்பம் பொறிக்கப்படாதுள்ளது? அவர்களைக் குறித்து நாம் சான்றுடன் கூறக்கூடியது யாது? மூன்றாம் வினா இன்றியமையாதது. மறக்கப்பட்டோர்மீது கொண்ட பரிவினால் இல்லாததைப் புனைந்துரைத்தலும் அவர்களுக்குச் செய்யும் அநீதியே. ஹாலே நகருக்கு மிஷனெரிகள் எழுதிய அறிக்கைகளும், 1712 முதல் 1714 வரை தமிழர் அவர்களுடைய வினாக்களுக்கு விடையாக வரைந்த கடிதங்களும் அச்சில் உள்ளன. தேடுவோர்க்குச் சான்று குறைவில்லை.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது நம் திருச்சபையின் அடிப்படைப் போதனை. மனந்திரும்புதலும் கேட்பதிலிருந்தே பிறக்கின்றது. இராஜநாயக்கனின் பெயரைப் புதிய எருசலேமில் நின்று கேட்கும் சபையார், தம் ஊருக்குத் திரும்பி, தம் ஆலயத்தின் பந்தியில் இன்று எவருக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று வினவத் தொடங்குவார்களாயின், அந்நடை பயனுடையதாயிற்று என்று கொள்ளலாம்.