ஆன்டிவைரஸ் மென்பொருள்

கணினி, கைபேசி போன்ற சாதனங்களுக்குள் நுழையும் தீய நிரல்களைக் கண்டுபிடித்து முடக்கும் மென்பொருள். 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், ஃபிளாப்பி வட்டுகளில் ஏறி நாடு நாடாகப் பரவியது. அதற்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அவர்களே எழுதிவைத்திருந்தார்கள்! பின்னால் வந்தவர்கள் அவ்வளவு வெள்ளந்திகள் அல்லர்.

ஆன்டிவைரஸின் அடிப்படை வேலை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே பிடிபட்ட தீநிரல்களின் அடையாளக் குறிகள் அதனிடம் பட்டியலாக இருக்கும். திறக்கப்படும் கோப்பில் அந்தக் குறி தென்பட்டால், கோப்பைத் தனியே பூட்டிவைத்துவிட்டு எச்சரிக்கும். பட்டியலை அடிக்கடி புதுப்பிக்கச் சொல்வது இதனால்தான். காவல் வேலை செய்கிறதா என்று பார்க்க ‘ஐகார்’ என்ற சோதனைக் கோப்பும் உண்டு. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனாலும் அதைக் கண்டதும் ஆன்டிவைரஸ்கள் அலறும், அப்படியொரு ஏற்பாடு.

புதிதாகப் பிறந்த நிரலுக்குக் குறி ஏது? அங்கே நடத்தைதான் துப்பு. முன்பின் தெரியாத ஒரு நிரல் கோப்புகளை மளமளவென்று பூட்டத் தொடங்கினால் ஆன்டிவைரஸ் அதை நிறுத்தப் பார்க்கும். சில நேரம் அப்பாவி நிரலும் மாட்டிக்கொள்ளும்.

ஆன்டிவைரஸ் மட்டும் போதாது என்பதற்கு 2017 மே மாதம் தாக்கிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் சாட்சி. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் சிக்கின. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின.