கேமரா பிளாஷ்: மின்கலங்களும் வெளி பேட்டரி பேக்குகளும்

கேமராவின் தலையில் பொருத்தும் பிளாஷ் விளக்குகளில் பெரும்பாலானவை, கடையில் பென்டார்ச் செல் அல்லது பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் ஏஏ அளவுச் செல்கள் நான்கில் ஓடுகின்றன. அதே செல் சுவர்க் கடிகாரத்தில் ஒரு வருடம் உழைக்கும். பிளாஷில் போட்டால் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் கேட்கிறது, பிளாஷ் குடம் குடமாகக் கேட்கிறது என்பதுதான் வேறுபாடு. செல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அதை எவ்வளவு வேகமாக வெளியே தரும் என்பதும் இங்கே கணக்கு. செல்லின் மேல் அச்சிட்ட எண் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

பிளாஷ் இயங்கும் விதம்

செல் நேரடியாக ஒளி தருவதில்லை. நான்கு செல்கள் சேர்ந்து தரும் 5 அல்லது 6 வோல்ட்டை உள்ளே ஒரு சுற்று 300 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி மின்தேக்கியில் சேர்க்கிறது. பிளாஷை ஆன் செய்ததும் காதுக்குக் கேட்கும் மெல்லிய கீச்சொலி அந்தச் சுற்றினுடையது. ஷட்டரை அழுத்தும்போது தேங்கியது செனான் வாயு நிறைந்த குழாய் வழியே பாய்கிறது. நிக்கான் எஸ்பி-900 முழு வலுவில் அடித்தால் அந்த ஒளி நீடிப்பது ஒரு விநாடியில் 880ல் ஒரு பங்கு மட்டுமே. 330 வோல்ட்டில் 1,400 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று ஏறத்தாழ 76 ஜூல் ஆற்றலைத் தாங்கும். கையடக்கப் பிளாஷ்களுக்கு இது பொருத்தமான கணக்கு.

காலியான மின்தேக்கி மறுபடி நிரம்பப் பிடிக்கும் நேரத்தை ரீசைக்கிள் நேரம் என்பார்கள். கல்யாணப் படம் எடுப்பவருக்கு இந்த நேரம்தான் வாழ்வும் சாவும். மூன்று முடிச்சும் சில விநாடிகளில் விழுந்துவிடும். முதல் முடிச்சுக்கு அடித்த பிளாஷ் இரண்டாவதற்குள் நிரம்பியிருக்க வேண்டும். பல பிளாஷ்களில் தயார் என்று காட்டும் விளக்கு, மின்தேக்கி முழுதாக நிரம்புவதற்குச் சற்று முன்பே எரிந்துவிடும். அது எரிந்த கணமே அடித்தால் படம் கொஞ்சம் மங்கலாக வரும். தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று விட்டு ஒன்று இருண்டிருந்தால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் செல்லைச் சந்தேகிக்கலாம்.

1.5ஐ 1.2 வெல்லும் கணக்கு

அல்கலைன் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லுக்கு 1.2 வோல்ட்தான். எண்ணைப் பார்த்து அல்கலைனே வலியது என்று நினைப்பவர் பலர். பிளாஷுக்குள் போனால் நிலைமை தலைகீழ்.

காரணம் அக மின்தடை. புதிய அல்கலைன் ஏஏ செல்லுக்குள் ஏறக்குறைய 0.15 ஓம் தடை இருக்கிறது. செல் தீரத் தீர அது ஏறும். நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லில் அது 0.03 ஓம் அளவே. பிளாஷ் 5 ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அல்கலைன் செல்களில் மொத்தத் தடை 0.6 ஓம், 6 வோல்ட்டில் 3 வோல்ட் உள்ளேயே வெப்பமாகிப் போகிறது. நான்கு ஹைட்ரைடு செல்களின் 4.8 வோல்ட்டில் வீணாவது 0.6 மட்டும், 4.2 வோல்ட் வெளியே வருகிறது. வேலை மும்முரத்தில் வெளியே எடுத்த அல்கலைன் செல் கையைச் சுடுவது இதனால்தான்.

நிக்கான் எஸ்பி-900க்கு நிறுவனம் தந்த கணக்கும் இதையே காட்டுகிறது. முழு வலுவில் அடித்தால் அல்கலைனில் ரீசைக்கிள் நேரம் 4 விநாடி, ஏறத்தாழ 110 பிளாஷ், ஹைட்ரைடில் 2.3 விநாடி, 190 பிளாஷ். சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் ஏஏ செல்லில் 230 பிளாஷ் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 4.5 விநாடி காத்திருக்க வேண்டும். அதிக எண்ணிக்கை தருவதே மிக மெதுவானதும். லித்தியம் செல்லுக்குள் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் உறுப்பு ஒன்று, சூடு ஏறினால் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

செல் வகைகள்

ஒரு காலத்தில் பிளாஷின் ஆஸ்தான செல் நிக்கல்-காட்மியம். மின்னோட்டத்தை வாரி வழங்கும். கொள்ளளவு குறைவு, காட்மியம் நச்சு. ஹைட்ரைடு வந்தபின் அது ஒதுங்கிவிட்டது.

ஆரம்பகால ஹைட்ரைடு செல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: சும்மா இருந்தாலே தீரும். நேற்று சார்ஜ் போட்டது இன்று முழுதாக இருக்காது, ஒரு மாதம் பையில் கிடந்தால் கணிசமான பகுதி போய்விடும். 2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனிலூப் இந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. சான்யோவை வாங்கிய பானசோனிக் இப்போது அதை எனிலூப் என்ற அதே பெயரில் விற்கிறது. ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிச்சமிருக்கும். பிற நிறுவனங்களும் இப்போது இதே வகையைத் தயாரிக்கின்றன.

எனிலூப்பில் 2,000 மில்லிஆம்பியர் மணி கொண்ட சாதாரண வகையும் 2,500 கொண்ட புரோ வகையும் உண்டு. நிறுவனத்தின் கணக்குப்படி சாதாரண வகையை 2,000 முறைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். புரோவை சில நூறு முறைதான். வாராவாரம் கல்யாண வேலை இருப்பவருக்குச் சாதாரண வகையில் நான்கு நான்காக மூன்று தொகுதி வைத்துக்கொள்வதே லாபம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மலிவான செல்களில் 3,000க்கு மேல் போட்டிருக்கும் எண்களை நம்ப வேண்டியதில்லை. ஏஏ அளவு ஹைட்ரைடில் அவ்வளவு அடைப்பது கடினம். அடைத்தாலும் ஆயுளில் இடிக்கும்.

அண்மையில் 1.5 வோல்ட் லித்தியம் அயான் ஏஏ செல்கள் பரவி வருகின்றன. உள்ளே இருக்கும் சிறு சுற்று, செல்லின் 3.7 வோல்ட்டை 1.5 ஆகக் குறைத்துக் கடைசிவரை நிலையாகத் தரும். ரிமோட்டுக்கும் பொம்மைக்கும் நல்லது. பிளாஷ் கேட்கும் திடீர் மின்னோட்டத்தை அந்தச் சுற்று அனுமதிக்காமல் போகலாம். தீரும் நேரத்தில் படிப்படியாகத் தளராமல் சட்டென அறுந்துவிடுவதால் முன்னறிவிப்பும் கிடைக்காது. நிக்கல்-துத்தநாகச் செல் 1.6 வோல்ட் தருவதால் வேகம் கூடும்; அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கென வடிவமைக்காத பிளாஷைச் சூடாக்கும் அபாயமும் கூடவே வரும்.

சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் ஏஏ செல்லைச் சில கேனான் பிளாஷ்களின் கையேடுகள் அரிதாக மிகவும் சூடாகலாம் என்று தடுக்கின்றன. நிக்கான் எஸ்பி-900 ஏற்கிறது. கையேட்டைப் பாராமல் போடக் கூடாத வகை இது. குளிர் மிகுந்த இடங்களிலும், பல மாதம் தொடாமல் வைக்கும் அவசரத் தொகுதியாகவும் அதற்கு ஈடில்லை.

வெளி பேட்டரி பேக்

வெளி பேக் இரண்டு வகை. செல்கள் இருக்கும் இடத்தில் செல் வடிவ டம்மியை நுழைத்து 6 வோல்ட் அளவில் தருவது ஒன்று. இதில் எண்ணிக்கை கூடும், வேகம் அவ்வளவாகக் கூடாது; 300 வோல்ட்டுக்கு உயர்த்தும் வேலையைப் பிளாஷின் சுற்றே இன்னும் செய்துகொண்டிருக்கிறது. பிளாஷின் பக்கவாட்டில் உள்ள சாக்கெட் வழியே உயர் மின்னழுத்தத்தை நேரே மின்தேக்கிக்கு அனுப்புவது மற்றொன்று. வேகம் வேண்டுமென்றால் இதுதான்.

இது புதிய யோசனை இல்லை. எம்ஐடியில் 1930களில் ஹரால்ட் எட்ஜர்டன் மின்னணுப் பிளாஷுக்கு அடித்தளமிட்ட பின், 1950, 60களில் செய்திப் படக்காரர்கள் தோளில் தொங்கவிட்ட பேக்குகளில் 510 வோல்ட் உலர் பேட்டரி இருந்தது. உயர்த்தும் சுற்றே தேவையில்லை, நேராக மின்தேக்கிக்குப் பாய்ச்சினார்கள். பின்னாளில் குவான்டம் நிறுவனத்தின் டர்போ பேக், சார்ஜ் ஏற்றும் பேட்டரியையும் உயர்த்தும் சுற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அதே வசதியைத் தந்தது. கேனான் சிபி-இ4, நிக்கான் எஸ்டி-9 இரண்டும் எட்டு ஏஏ செல்களில் ஓடுபவை. கோடாக்ஸ் பிபி960 11.1 வோல்ட், 4,500 மில்லிஆம்பியர் மணி லித்தியம் பேக்.

உயர் மின்னழுத்தப் பேக்கை மாட்டிய பிறகும் பல பிளாஷ்களில் உள்ளே நான்கு செல் இருந்தாக வேண்டும். திரையும் கட்டுப்பாட்டுச் சுற்றும் அவற்றில்தான் ஓடும். பேக் வாங்கிவிட்டுச் செல்லை வீட்டில் வைத்துப்போனவர்கள் உண்டு. கேபிளும் பிளாஷின் நிறுவனத்துக்கு ஏற்ப மாறும். அதன் முனையில் இருப்பது ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம். ஈரக் கையோடு தொடுவதோ, நைந்த கேபிளுக்கு டேப் சுற்றி ஓட்டுவதோ கூடாது.

நடுவழி ஒன்றும் இருந்தது. நிக்கான் எஸ்பி-800 பெட்டியிலேயே ஐந்தாவது செல்லுக்கான சிறு இணைப்பு வரும். அதை மாட்டினால் ஹைட்ரைடு செல்லில் ரீசைக்கிள் நேரம் 4 விநாடியிலிருந்து 2.9 ஆகக் குறையும்.

வெப்பம்

வேகத்துக்கு விலை உண்டு. பழைய நிலையில் செல் தளர்வதே பிளாஷுக்கு ஓய்வாக இருந்தது. பேக் அந்த ஓய்வைப் பறிக்கிறது. விடாமல் அடித்தால் குழாயின் முன்னுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகி உருகும், குழாயே போகும். முழு வலுவில் தொடர்ந்து 15 முறை அடித்தால் குறைந்தது 10 நிமிடம் ஆறவிடச் சொல்கின்றன நிக்கான் கையேடுகள். 2008ல் வந்த எஸ்பி-900 அளவுக்கு மேல் சூடானால் தானே நின்றுவிடும். வேலை நடுவில் நின்றதைப் படக்காரர்கள் மன்னிக்கவில்லை. 2011ல் வந்த எஸ்பி-910 நிற்பதற்குப் பதில் ரீசைக்கிள் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

காசில்லாத தீர்வு ஒன்று உண்டு. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400இலிருந்து 800க்கு ஏற்றினால் பிளாஷ் பாதி ஆற்றலில் அதே வெளிச்சத்தைத் தரும். வேண்டிய ஒளி வந்ததும் பாய்ச்சலை நிறுத்தும் தைரிஸ்டர் கொண்ட பிளாஷ்களில் செலவழியாத பாதி மின்தேக்கியிலேயே தங்கும். எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும், காத்திருப்பு குறையும், சூடும் குறையும். பேக் வாங்க நினைப்பவர்களில் பலருக்கு இதுவே போதும்.

தனி லித்தியம் பேட்டரி கொண்ட பிளாஷ்கள்

ஏஏ செல்லையே கைவிட்ட பிளாஷ்கள் இப்போது பேக்கின் தேவையைக் குறைத்துவிட்டன. கோடாக்ஸ் வி860ன் இரண்டாம் வகையில் உள்ள 11.1 வோல்ட், 2,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி முழு வலுவில் ஏறத்தாழ 650 பிளாஷ் தரும் என்றும், ரீசைக்கிள் நேரம் 1.5 விநாடி என்றும் நிறுவனம் சொல்கிறது. 2020ல் கேனான் அறிவித்த இஎல்-1 வகையில் அது 0.9 விநாடி. குறை என்னவென்றால், பேட்டரி தீர்ந்தால் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி நான்கு செல் வாங்கிப் போட முடியாது. இரண்டாவது பேட்டரி பையில் இல்லாதவருக்கு இவ்வகை உதவாது.

பராமரிப்பு

நான்கு செல்களும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே சார்ஜில் இருக்க வேண்டும். ஒன்று மெலிந்தால் மற்ற மூன்றும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும். தொகுதிக்கு ஒரு நிறத்தில் புள்ளி வைத்துக்கொள்வது பழைய கைவழக்கம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் சார்ஜரே நல்லது. இரண்டிரண்டாக ஏற்றுபவை ஒன்றை நிரப்பி மற்றதைக் குறையாக விடும்.

அல்கலைன் செல்லைப் போட்டுவைத்து மறந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து முனைகளில் வெள்ளையாகப் பூக்கும். அது காரம் என்பதால் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் கரையும். பல மாதம் கிடந்த பிளாஷின் மின்தேக்கி முதல் முறை நிரம்ப வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். புதுச் செல் போட்டு, சிறிது நேரம் ஆன் செய்து வைத்து, சில முறை அடித்துப் பழக்கிய பின்பே வேலைக்கு எடுத்துப்போக வேண்டும்.

விமானப் பயணத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட் மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வி860 பேட்டரி 22, பிபி960 ஏறக்குறைய 50 வாட் மணி. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி உறையில் இருந்தால் சோதனையில் கேள்வி எழாது.