பழைய நிழற்படங்களிற் காணும் திருக்கோணமலை

குடும்பத்தாரைப் பதிவு செய்யவே எடுக்கப்பட்ட பழைய நிழற்படங்களிலே, அவர்தம் பின்னணியில் நின்ற ஊரும் தானே பதிந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படங்களிலே 1927இல் புகையிரதம் வருமுன் இருந்த திருக்கோணமலையைக் காணலாம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு வீசுமுன் இருந்த துறைமுகத்தையும் காணலாம்.

அக்காலத்துச் சுவாமிமலையிற் கோயில் இல்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அவ்விடத்துக் கோட்டையே 1803இல் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. ஆயினும் வழிபாடு அற்றுப்போகவில்லை. அடியார் கோட்டையினூடே சென்று, பாறை விளிம்பில் நின்று, காணிக்கைகளைக் கடலில் இட்டு வணங்கினர். 1950இல் கிணறு தோண்டுகையில் பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோபுரத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, வெறும்பாறையை நோக்கிக் கைகூப்பிய முன்னோரின் உறுதியை உணர்த்த வல்லவை அப்படங்களே.

ஆயின், பெயரும் ஆண்டும் குறிக்கப்படாத படம், அதனை அறிந்த முதியோர் மறைந்ததும் ஊமையாகிவிடும். அவர்கள் உள்ளபோதே கேட்டறிந்து, படத்தின் பின்புறத்திற் பென்சிலாற் குறித்துவைத்தல் இளையோர் கடனாகும்.