வேம்பநாட்டு நீரில் ஒரு நஞ்சு

இடக்கொச்சியில் பாலம் ஏறினால் அக்கரை அரூர். கீழே வேம்பநாட்டுக் காயல். மழை ஓய்ந்து கடலின் உப்பு உள்ளே ஏறும் மாதங்களில், பொக்காளி நெல் அறுத்த வயல்களுக்குள் மதகு வழியே அந்தத் தண்ணீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். தண்ணீரோடு விப்ரியோ பாக்டீரியாவும் வரும். அதன் வெளியுறையில், கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியுமாக ஒரு மூலக்கூறு: எண்டோடாக்சின். யார் மீதும் எறியச் செய்த ஆயுதமல்ல. பாக்டீரியாவின் வீட்டுச் சுவர். பாக்டீரியா பெருகும்போது சுவர் கொஞ்சம் உதிரும், செத்துச் சிதைந்தால் நிறையவே உதிரும்.

உதிர்ந்ததை முதலில் கண்டுகொள்வது இறாலின் இரத்த அணு. தன் உள்மணிகளைக் கொட்டி ஒரு நொதியை எழுப்பிவிடுகிறது. வந்ததைச் சுற்றி மெலனின் கருப்பாகப் படிகிறது. இறால் செத்த பிறகும் அந்த நொதி வேலையை நிறுத்துவதில்லை. சந்திரூர் பக்கத்து பீலிங் ஷெட்களில் தலையோரம் கருத்த இறாலை ஒதுக்குகிறார்களே, அந்தக் கருப்பு இதே நொதியின் வேலை. ஐஸ் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

குழம்புக் கொதியில் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் அழியாது. அதற்காகச் சட்டியைக் கவிழ்க்க வேண்டாம், நம் பெருங்குடலில் ஏற்கெனவே அது ஏராளம். இரத்தத்தில் கலந்தால்தான் விபரீதம். உடல் எடையில் கிலோவுக்குச் சில நானோகிராம் போதும், குளிர் நடுக்கிக் காய்ச்சல் வர. இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதை ஏந்தி வெள்ளணுவிடம் சேர்க்கிறது. அணுவின் மேலுள்ள டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி அதன் கொழுப்புப் பகுதியை உணர்ந்ததும், அணு டிஎன்எஃப் போன்ற புரதங்களைக் கொட்டத் தொடங்குகிறது. அளவு மீறினால் இரத்தக் குழாய்கள் கசியும், அழுத்தம் சரியும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் நம் அணுக்களின் பதற்றம்தான். இந்த ஏற்பியின் பங்கை 1998-இல் காட்டிய புரூஸ் பாய்ட்லருக்கு 2011-இன் மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது.

இந்த நஞ்சை 1892-இல் ரிச்சர்ட் பைஃபர் விவரித்தது காலரா விப்ரியோவில்; 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்த அதே கிருமி. வேடிக்கை என்னவென்றால், காலராவின் பேதிக்குக் காரணம் இதுவல்ல, கிருமி வெளியே சுரக்கும் வேறொரு நஞ்சு. கல்கத்தாவில் சம்புநாத் தே அதை முயல்களின் குடலில் நிரூபித்தது 1959-இல்.

இறாலின் தூரத்து உறவான குதிரைலாட நண்டின் நீல இரத்தம், எண்டோடாக்சின் பட்டால் உறைந்துபோகும். ஃபிரெடரிக் பாங் 1956-இல் எழுதிய அந்த உறைதலே பின்னாளில் ஊசிமருந்துகளுக்கான சோதனையானது. கொதியில் அழியாத அந்த நஞ்சை அழிக்க, மருந்து நிரப்பும் கண்ணாடிக் குப்பிகளை முன்கூட்டியே 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வாட்டிவிடுகிறார்கள்.