நாங்கள் எறிந்த கற்கள்

மழை விட்டதும் அரிக்கமேட்டுக்கு ஓடுவோம். எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. ஊர் அபிஷேகப்பாக்கம்தான் என்றாலும், காக்காயந்தோப்பில் அத்தை வீடு இருந்ததால் பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கழியும். மழைத் தண்ணீர் மாந்தோப்பு மண்ணை அரித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியிருக்கும். அந்தத் தடத்தில் குனிந்தபடியே நடந்தால் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மணிகள் கண்ணில் படும். டிராயர் பாக்கெட் நிறைய பொறுக்குவோம்.

டவுனிலிருந்து சைக்கிளில் ஒருவர் வருவார். ஒரு கைப்பிடி மணிக்கு நாலணா கொடுப்பார். உடையாமல், வழவழப்பாக, துளையோடு இருந்தால்தான் வாங்குவார். துளை இல்லாதது, ஒரு பக்கம் மட்டும் தேய்த்தது, பாதியில் உடைந்தது எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிடுவார். அவர் போன பிறகு, ஒதுக்கியதையெல்லாம் ஆற்றில் யார் அதிக தூரம் எறிவது என்று போட்டி வைப்போம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

அந்த வெற்றிக்காக எழுபது வயதுக்கு மேல் வருத்தப்பட வேண்டி வந்தது. அதற்குக் காரணம் ஒரு கம்மல்.

என் மனைவியின் கம்மலில் இருந்து ஒரு சிவப்புக் கல் விழுந்துவிட்டது. பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பட்டை தீட்டின கல் இல்லை வாத்தியாரே. அடி தட்டை, மேலே குவிச்சு இழைச்ச கல். பழைய வேலை" என்றார். பரதநாட்டிய நகைகளில் பதிக்கும் கெம்புக் கற்கள் இந்த வடிவம்தான். இதற்குப் பிரெஞ்சில் 'கபோஷோன்' என்று பெயர். தலை என்று பொருள்படும் 'கபோஷ்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. மொட்டைத் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் பட்டை தீட்டும் கலை வளர்வதற்கு முன்னால் ரத்தினங்களை இப்படித்தான் இழைத்தார்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமா? நாமே ஒன்று இழைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வேலை விஷயமாக ஆமதாபாத் போன மருமகன், கம்பாத்திலிருந்து தீக்குச்சிப் பெட்டி அளவுக்கு ஒரு அகேட் துண்டு வாங்கி வந்தார். மெஷின் எதுவும் வாங்கவில்லை. தச்சர்கள் உளி தீட்டும் சாணைக்கல், பெயிண்ட் கடை வாட்டர் பேப்பர் நாலைந்து நம்பரில், கண்ணாடிக் கடைக்காரர் கீறல் எடுக்க வைத்திருக்கும் சீரியம் ஆக்சைடு பொடி கொஞ்சம். அவ்வளவுதான் முதலீடு.

கல்லை விரலால் பிடித்துத் தேய்க்க முடியாது. பத்தர் சொன்னபடி அரக்கைச் சூடாக்கி, ஒரு குச்சியின் முனையில் கல்லை ஒட்டிக்கொண்டேன். தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் ஓரங்களை உருட்டி, பிறகு மேலே குவித்துக்கொண்டு வர வேண்டும். கையை ஒரே கோணத்தில் வைத்தால் தட்டை விழுந்துவிடும். குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தேய்த்தால் கல் கரைந்ததே தெரியாது. தோள்பட்டை வலிதான் தெரியும்.

ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் தோல் துண்டில் பொடியைத் தடவி மெருகேற்றினேன். கல் பளபளவென்று வந்தது. கூடவே நடுவில் ஒரு கீறலும் பளிச்சென்று தெரிந்தது! சொரசொரப்பான தாளில் தேய்த்தபோது விழுந்த கீறல் அது. அதைச் சரியாக எடுக்காமல் அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். கல் மங்கலாக இருந்தவரை ஒளிந்திருந்தது, மெருகு ஏறியதும் வெளியே வந்துவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் மறுபடி முதல் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று இரவு, டவுன்காரர் விரலால் ஒதுக்கித் தள்ளிய கற்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் தேய்க்காத கல். துளை போடும்போது பிளந்த கல். அவை வெறும் கழிவு இல்லை. என்னைப் போல ஒருவன் அதே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தேய்த்துத் தோற்றுப்போன கற்கள்.

நான் சரித்திர வாத்தியார். அரிக்கமேட்டைப் பற்றி வருடா வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1937-ல் பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கற்களை வாங்கியதையும், அதில் ஒன்றில் செதுக்கியிருந்த தலையை அகஸ்டஸ் சக்கரவர்த்தி என்று அவர் கருதியதையும் சொல்வேன். மார்டிமர் வீலர் 1945-ல் தோண்டி, ரோமானிய மதுச் சாடிகளையும் இத்தாலிய மட்பாண்டங்களையும் வைத்து, இது ரோமாபுரியோடு வாணிபம் நடந்த இடம் என்று காட்டியதைச் சொல்வேன். பிறகு கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று நிறுவினார்கள். இதெல்லாம் பாடம். வந்தவர்களைப் பற்றித்தான் நிறையச் சொன்னேன். உட்கார்ந்து மணி செய்தவர்களுக்கு ஒரே ஒரு வரி: 'அரிக்கமேடு மணித் தொழிலுக்குப் பெயர் பெற்றது.'

அந்த ஒரு வரிக்கு ஆதாரம் எது? அழகான மணி ஆதாரம் ஆகாது. அது கப்பலில் வந்திருக்கலாம், யாரோ கழுத்தில் போட்டு வந்திருக்கலாம். அரைகுறையாக நின்றுபோன மணிதான், "என்னை இங்கேதான் செய்தார்கள்" என்று சாட்சி சொல்லும். ஈரோடு பக்கம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலும் அப்படித்தான். பதிற்றுப்பத்து பேசும் ஊர் அது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மூலக்கல், பாதி வேலை முடிந்த மணி, முழு மணி என்று எல்லாப் படியிலும் கிடைத்ததால்தான் அங்கே தொழிற்கூடம் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்தச் சாட்சியைத்தான் நாங்கள் போட்டி போட்டு ஆற்றில் எறிந்தோம். நல்ல மணிகளை நாலணாவுக்கு விற்றோம்.

அந்த நாலணா மணியில் எவ்வளவு வேலை என்று இப்போது தெரிகிறது. சூதுபவளமும் செவ்வந்திக்கல்லும் படிகமும் ஒரே குவார்ட்ஸ் குடும்பம். கடினத்தில் ஏழாம் படி. அதைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். நான் வாங்கிய வாட்டர் பேப்பரில் ஒட்டியிருப்பது 1890-களில் அமெரிக்காவில் ஆச்சிசன் கண்டுபிடித்த சிலிக்கான் கார்பைடு. நம் நாட்டுக் கல் வேலைக்காரர்கள் பழைய நாளிலிருந்து பயன்படுத்தியது குருந்தக் கல்லின் பொடி, ஒன்பதாம் படி. அதை அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். இங்கிலீஷில் 'கொரண்டம்' என்பது நம்முடைய 'குருந்தம்'தான்.

துளை போடுவதை நான் முயலவே இல்லை. கம்பாத்தில் வில்லால் சுழற்றும் துளைக்கோலின் நுனியில் இரண்டு பொடி வைரங்களைப் பதித்து, மணியின் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். மாந்தோப்பில் கிடந்த மணிகளின் துளை ஒரு நூல் நுழையும் அளவுதான் இருக்கும். அந்தக் கைகளை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் தூசி பொல்லாதது. கம்பாத்தில் அகேட் தேய்க்கும் தொழிலாளர்கள் பலர் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயால் செத்திருக்கிறார்கள். யாராவது ஆசைப்பட்டு இழைக்க உட்கார்ந்தால் தண்ணீர் இல்லாமல் ஒரு தேய்ப்புகூடத் தேய்க்காதீர்கள். பழைய காலத்து மணிக்காரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

அரிக்கமேடு இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. பேரப் பிள்ளைகளோடு போனால் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். பாரதி பூங்கா எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் இருக்கின்றன. பளபளப்பானவற்றைப் பார்த்த பிறகு, மெருகு ஏறாமல் நின்றுபோனது ஏதாவது கண்ணில் படுகிறதா என்றும் கொஞ்சம் தேடுங்கள்.

என் முதல் கல்லை மோதிரத்தில் பதித்துத் தருகிறேன் என்றார் பத்தர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீறலோடு மேஜை மேலேயே இருக்கிறது. பேரன் வந்தால், "தாத்தா, இது டேமேஜ் பீஸ், தூக்கிப் போடுங்க" என்கிறான். அதை மட்டும் செய்ய மாட்டேன்.